கட்டியை இப்போதே எடுப்பதா, மாத்திரையில் நிறுத்தி வைப்பதா?

2020 ஜூன் மாதம் சென்னையிலேயே கொரோனா தொற்று அதிகம் இருந்தது ராயபுரம் மண்டலத்தில். தண்டையார்பேட்டை அதற்குச் சளைத்ததல்ல. பாசிட்டிவ் வந்த வீட்டு வாசலில் மாநகராட்சிக்காரர்கள் தகரம் அடித்துவிட்டுப் போவார்கள். மின்சார ரயில் இல்லை, மாநகரப் பேருந்து இல்லை. 19ஆம் தேதியிலிருந்து 30 வரை மறுபடியும் முழு ஊரடங்கு. அந்த நாட்களில் ஒரு பெண்ணின் மார்பில் இருப்பது புற்றுநோய்க் கட்டிதான், ஆனால் ஆரம்பக்கட்டம் என்று ரிப்போர்ட் வந்தால், வீட்டில் ஆளுக்கொரு தீர்ப்பு. "நாளைக்கே எடுத்துடணும்" என்று ஒருத்தர். "ஆஸ்பத்திரிக்குப் போனா கொரோனா ஒட்டிக்கும், எல்லாம் அடங்கட்டும்" என்று இன்னொருத்தர். "மொத்தமா மாரையே எடுத்துட்டா கரண்டு வைக்க அலைய வேணாம்" என்று மூன்றாமவர். கரண்டு வைப்பது என்று எங்கள் பக்கம் சொல்வது கதிர்வீச்சை.

மூன்றுமே சில பெண்களுக்குச் சரி, சில பெண்களுக்குத் தப்பு. யாருக்கு எது என்பதைத்தான் இங்கே ஒப்பிட்டுப் பார்க்கிறேன். நான் டாக்டர் இல்லை. தண்டையார்பேட்டைப் பக்கம் ஒரு மருந்துக்கடையில் பார்மசிஸ்ட். ஊரடங்கிலும் கடை திறந்திருந்ததால் கையில் சீட்டோடும் மனசில் கேள்வியோடும் வந்து நின்றவர்கள் ஏராளம். அவர்களில் இரண்டு பேரைப் பற்றிச் சொல்கிறேன். ஒருத்தர் பழைய வண்ணாரப்பேட்டையில் இருக்கும் என் பெரியம்மா. வயது 67, சர்க்கரையும் பிரஷரும் உண்டு. இன்னொருத்தர் காசிமேட்டில் மீன் விற்கும் ஓர் அக்கா, வயது 41. இரண்டு பேருக்கும் கட்டி ஏறக்குறைய ஒரே அளவு, இரண்டு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் முன்பின். ஸ்கேனில் இரண்டு பேருக்கும் அக்குளில் நெறி, அதாவது நிணநீர் முடிச்சு, கட்டவில்லை. ஆனாலும் பெரியம்மா காத்திருக்கலாம், அக்கா காத்திருக்கக் கூடாது.

வித்தியாசம் ரிப்போர்ட்டில் இருக்கிறது

நம் வீடுகளில் பயம் கூடுவதும் குறைவதும் கட்டியின் அளவைப் பொறுத்து. சுண்டைக்காய் அளவு என்றால் நிம்மதி, எலுமிச்சை அளவு என்றால் அழுகை. டாக்டர்கள் பார்ப்பது வேறு. ஊசியால் சதை எடுத்துச் செய்யும் பயாப்சியில் சாயம் ஏற்றிப் பார்க்கும் மூன்று விஷயங்கள் உண்டு: ஈ.ஆர்., பி.ஆர்., ஹெர்2. முதல் இரண்டும் பெண் ஹார்மோன்களுக்கான ஏற்பிகள். அவை பாசிட்டிவ் என்றால் அந்தக் கட்டி ஈஸ்ட்ரோஜன் சாப்பிட்டு வளர்கிற கட்டி. ஈஸ்ட்ரோஜனை நிறுத்தினால் அது சுணங்கும். ஹெர்2 பாசிட்டிவ் என்றால் வேகமான வகை, ஆனால் அதற்கென்றே குறிவைத்த ஊசி மருந்து இருக்கிறது. மூன்றும் நெகட்டிவ் என்றால் ட்ரிபிள் நெகட்டிவ். அதற்கு ஹார்மோன் மாத்திரை வேலை செய்யாது, ஹெர்2 ஊசியும் பயன்படாது, கீமோதான் முதல் ஆயுதம். மேற்கு நாடுகளைவிட நம் நாட்டில் இந்த மூன்றாவது வகையின் பங்கு அதிகம். அதுவும் இளம் வயதுப் பெண்களிடம். அதனால் வெளிநாட்டு மகனோ மருமகளோ வாட்ஸப்பில் அனுப்பும் "அங்கெல்லாம் ஆபரேஷனைத் தள்ளித்தான் வைக்கிறாங்க" என்ற செய்தியைக் காசிமேட்டு அக்காவுக்கு அப்படியே பொருத்த முடியாது.

ஹெர்2 கட்டத்தில் "2 பிளஸ்" என்று எழுதியிருந்தால் அது பாசிட்டிவும் இல்லை, நெகட்டிவும் இல்லை. ஃபிஷ் என்ற இன்னொரு பரிசோதனை செய்து உறுதிப்படுத்த வேண்டும். அந்த முடிவு வராமல் எந்தத் திட்டமும் முழுமையாகாது. ஊரடங்கு நாட்களில் ஓர் ஆய்வுக்கூடம் இந்த வரியைப் பற்றி எதுவும் சொல்லாமலே ரிப்போர்ட்டைக் கொடுத்து அனுப்பியது. குடும்பத்தார் அதை முழு ரிப்போர்ட் என்றே நினைத்துக்கொண்டிருந்தார்கள். தபாலில் வந்த கடிதத்தைப் படிப்பதுபோல வரி வரியாகப் படியுங்கள், புரியாத வரியை டாக்டரிடம் காட்டிக் கேளுங்கள்.

பெரியம்மாவுக்கு ஈ.ஆர். வலுவாகப் பாசிட்டிவ், ஹெர்2 நெகட்டிவ். அக்காவுக்கு ட்ரிபிள் நெகட்டிவ்.

தள்ளிப்போட்டால் என்ன ஆகும், போனால் என்ன ஆகும்

இந்த இரண்டு பயத்துக்கும் எண்கள் இருக்கின்றன. இரண்டையும் பாதிப் பாதியாகச் சொல்லித்தான் ஊரைக் கலவரப்படுத்தினார்கள்.

தள்ளிப்போடுவதைப் பற்றிப் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த கட்டுரை ஒன்று 2020 நவம்பரில் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்தது. மார்புப் புற்றுநோய் அறுவையை நாலு வாரம் தள்ளினால் இறப்பு அபாயம் சுமார் 8 சதவீதம் கூடுகிறது என்றது. நூறில் எட்டுப் பேர் கூடுதலாகச் சாவார்கள் என்று இதைப் படிக்கக் கூடாது. ஒரு பெண்ணுக்கு ஏற்கெனவே இருக்கும் அபாயம் நூற்றுக்குப் பத்து என்றால் அது பத்தே முக்காலுக்குப் பக்கமாகப் போகிறது என்று அர்த்தம். சின்ன எண்தான். ஆனால் நாலு வாரம் எட்டு வாரமாகி, எட்டு பன்னிரண்டானால் அதுவும் சேர்ந்துகொண்டே போகும். இன்னொன்று: வேறு எந்த மருந்தும் இல்லாமல் சும்மா கிடந்த காத்திருப்பும், இடையில் மருந்து போட்டுக்கொண்டு காத்திருப்பதும் ஒன்றில்லை.

ஆபரேஷனுக்குப் போவதைப் பற்றிய பயங்கர எண் 2020 மே மாதக் கடைசியில் லான்செட்டில் வந்தது. அறுவையை ஒட்டிக் கொரோனா தொற்றிய 1,128 பேரில் 23.8 சதவீதம் பேர் முப்பது நாளுக்குள் இறந்துபோனார்கள். நாலில் ஒருத்தர்! இதைக் கேட்டால் யார்தான் ஆஸ்பத்திரி வாசலை மிதிப்பார்கள்? ஆனால் அந்த நோயாளிகளில் முக்கால்வாசிப் பேருக்கு நடந்தது அவசர அறுவை. மார்பு அறுவை உடம்பின் மேற்பரப்பில் நடப்பது. வயிற்றையோ நெஞ்சுக்கூட்டையோ திறப்பதில்லை, பொதுவாக ஐ.சி.யூ. தேவைப்படுவதில்லை, கட்டியை மட்டும் எடுத்தால் அன்றைக்கோ மறுநாளோ வீட்டுக்கு வந்துவிடலாம். ஸ்வாப் நெகட்டிவ் பார்த்துவிட்டு, கூட்டம் கலக்காத வார்டில் செய்தால் அந்த 23.8 சதவீதத்துக்கும் இதற்கும் சம்பந்தம் மிகக் குறைவு. ஏற்கெனவே தொற்று வந்தவர்களுக்கு மட்டும் வேறு கணக்கு. ஏழு வாரமாவது இடைவெளி விடுவது நல்லது என்று 2021 மார்ச்சில் வந்த பெரிய ஆய்வு காட்டியது. அந்த ஏழு வாரத்தையும் கட்டியின் வகையோடு சேர்த்துத்தான் எடைபோட வேண்டும்.

ஆக, ஜூன் மாத ராயபுரத்தில்கூட "போனால் செத்துவிடுவோம்" என்பதற்கு ஆதாரம் இல்லை. "ஒரு நாள்கூடத் தாமதிக்கக் கூடாது" என்பதற்கும் இல்லை. கட்டி ஒரே ராத்திரியில் முளைத்ததும் அல்ல. கைக்குத் தட்டுப்படும் முன்பே வருடக்கணக்கில் உள்ளே இருந்திருக்கும். இரண்டு மூன்று வாரம் எடுத்துக்கொண்டு ரிப்போர்ட்டை முழுசாக வாங்குவதால் எதுவும் கைமீறிப் போகாது.

மாத்திரை போட்டுக் காத்திருப்பது

பெரியம்மாவுக்கு டாக்டர் வைத்த யோசனை, உடம்பில் ஈஸ்ட்ரோஜனைக் குறைக்கும் லெட்ரோசோல் மாத்திரை 2.5 மில்லிகிராம், தினம் ஒன்று, மூன்று மாதம், பிறகு அறுவை. "கொரோனாவுக்காக ஒப்பேத்துறாங்களா?" என்று பெரியப்பாவுக்குச் சந்தேகம். ஒப்பேற்றல் இல்லை. அறுவைக்கு முன்பே ஹார்மோன் மாத்திரை கொடுப்பது கொரோனாவுக்கு இருபது வருஷத்துக்கு முந்திய வழக்கம். மாதவிடாய் நின்ற பெண்களுக்கு நாலு மாதம் லெட்ரோசோல் கொடுத்தபோது 55 சதவீதம் பேருக்குக் கட்டி குறிப்பிடும்படி சுருங்கியது, டமாக்சிபென் என்ற இன்னொரு ஹார்மோன் மாத்திரை கொடுத்தவர்களில் 36 சதவீதம் பேருக்கு என்று 2001இலேயே ஆய்வு வந்துவிட்டது. 2020 ஏப்ரலில் அமெரிக்க மார்பு அறுவை மருத்துவர்கள் தொற்றுக்கால வழிகாட்டுதல் எழுதியபோது இந்தப் பழைய வழியைத்தான் தூசி தட்டி முன்னே வைத்தார்கள். ஈ.ஆர். பாசிட்டிவ், ஹெர்2 நெகட்டிவ், ஆரம்பக்கட்டம் என்ற பெண்களுக்கு மட்டும்.

இதன் நன்மை எங்கள் பக்கத்துக்கு மிகப் பெரியது: மாத்திரை வீட்டு வாசலுக்கு வரும். விலையும் கையைக் கடிக்காது. குறைகள் என்னவென்றால், மூட்டு வலி வரும், எலும்பு தேயும், சிலருக்கு உடம்பெல்லாம் திகுதிகுவென்று எரிகிற மாதிரி சூடு. மாதவிடாய் நிற்காத பெண்ணுக்கு லெட்ரோசோலைத் தனியாகக் கொடுக்க முடியாது. சினைப்பையை அடக்கும் ஊசியும் சேர வேண்டும், இல்லை டமாக்சிபென்னுக்குப் போக வேண்டும். டமாக்சிபென்னில் ரத்தம் உறையும் அபாயம் கொஞ்சம் உண்டு. கொரோனாவும் ரத்தத்தை உறையவைக்கும் நோய் என்பதால் ஏற்கெனவே காலில் ரத்தக்கட்டு வந்தவர்கள் அதை டாக்டரிடம் சொல்லாமல் விடக் கூடாது.

இன்னொரு நிபந்தனையைத்தான் நிறையப் பேர் கோட்டைவிட்டார்கள். மாத்திரை கொடுத்துவிட்டால் கட்டியை மறந்துவிடலாம் என்றில்லை. சில வாரத்துக்கு ஒருமுறை கையால் தொட்டோ அல்ட்ராசவுண்டிலோ அளந்து பார்க்க வேண்டும். வளர்ந்தால் காத்திருப்பு அன்றோடு முடிந்தது. வீடியோ காலில் இதைச் செய்ய முடியாது. பெரியம்மாவை இதற்காக ஆட்டோ பிடித்து இ-பாஸோடு கூட்டிப் போனோம். கட்டி சுருங்கவும் இல்லை, வளரவும் இல்லை. "இது போதும், இப்படியே உக்காந்திருக்கட்டும்" என்றார் டாக்டர். சுருங்காததில் பெரியப்பாவுக்குத்தான் ஏமாற்றம்.

பால் குழாய்க்குள்ளேயே அடங்கியிருக்கும் டி.சி.ஐ.எஸ். என்ற நிலைக்கும் இதேபோலக் காத்திருக்கலாம். அதில் ஆபத்து இன்னும் குறைவு.

அக்காவுக்கு ஏன் இது ஆகாது

காசிமேட்டு அக்காவுக்கும் யாரோ பெரியம்மாவின் கதையைச் சொல்லிவிட்டார்கள். கடைக்கு வந்து, "அதே மாத்திரைய குடு தங்கச்சி, மார்க்கெட் தொறக்கட்டும், அப்பால பாத்துக்கலாம்" என்றது. ட்ரிபிள் நெகட்டிவ் கட்டிக்கு அந்த மாத்திரை வெறும் சாக்பீஸ். காத்திருக்கிற நேரம் முழுக்கக் கட்டிக்குத்தான் லாபம்.

அக்காவுக்கு இருந்த தெரிவுகள் இரண்டு. முதலில் ஆபரேஷன், பிறகு கீமோ. அல்லது முதலில் கீமோ, பிறகு ஆபரேஷன். ஆயுள் கணக்கில் இரண்டும் சமம். ஆனால் கீமோவை முதலில் வைத்தால் இரண்டு விஷயம் கிடைக்கும். கட்டி கரைகிறதா என்று கண்ணெதிரே தெரியும். முழுசாகக் கரையவில்லை என்றால் அறுவைக்குப் பிறகு கேபசிட்டபின் என்ற கீமோ மாத்திரை சேர்த்துக்கொள்ளலாம் என்ற அடுத்த படியும் தெரிந்துவிடும். தொற்றுக்காலத்தில் மூன்றாவதாக ஒன்றும் கிடைத்தது: அறுவை அரங்குகள் மூடிக்கிடந்த மாதங்களில் வைத்தியம் நிற்காமல் ஓடியது.

கீமோவின் பயம் நியாயமானது. வெள்ளை அணு குறையும், எந்தத் தொற்றும் சுலபமாக உள்ளே வரும். அதற்காகத் தொற்றுக்காலத்தில் டாக்டர்கள் செய்த மாற்றங்கள் சில. வாராவாரம் போடும் பாக்லிடாக்சல் என்ற கீமோ மருந்துக்குப் பதில் மூன்று வாரத்துக்கு ஒருமுறை போடும் மருந்து. வெள்ளை அணுவை ஏற்றும் ஃபில்கிராஸ்டிம் வகை ஊசியை வழக்கத்தைவிட அதிகம் பேருக்குக் கொடுப்பது. ரத்தப் பரிசோதனையை வீட்டுக்குப் பக்கத்து லேபிலேயே முடித்துக்கொள்வது. வாராவாரம் போடும் பாக்லிடாக்சல்தான் உடம்பு தாங்குவதற்கும் பலனுக்கும் நல்லது என்று சாதாரணக் காலத்தில் சொல்வார்கள். ஆனால் காசிமேட்டிலிருந்து வாராவாரம் போவது யார் கையில் இருந்தது? இந்த இடத்தில் நான் பயணத்தைக் குறைப்பதன் பக்கம்தான்.

கீமோ எடுக்கிறவருக்கு ஜுரம் 100.4 டிகிரியைத் தொட்டால் அது அவசரம். அன்றைக்கெல்லாம் ஜுரம் என்றாலே தெருமுனைக் காய்ச்சல் முகாமில் வரிசை, ஸ்வாப், முடிவு வரும்வரை வீட்டில் இரு என்பார்கள். வெள்ளை அணு குறைந்தவர் அந்த முடிவுக்காகக் காத்திருக்க முடியாது. சில மணி நேரத்தில் ஆன்டிபயாட்டிக் நரம்பில் ஏற வேண்டும். கீமோ சீட்டைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கழுத்தில் மாட்டிக்கொண்டு போகச் சொன்னேன் அக்காவிடம். ஒருமுறை ஜுரம் வந்தது, அந்தச் சீட்டைக் காட்டித்தான் வரிசையைத் தாண்டியது.

ஹெர்2 பாசிட்டிவ் பெண்களும் காத்திருக்கக் கூடாதவர்கள் பட்டியல்தான். அவர்களுக்கு டிராஸ்டூஸுமாப் ஊசி, வழக்கமாக ஒரு வருடம். 2014இல் இந்தியாவிலேயே பயோசிமிலர், அதாவது அதே மாதிரி வேலை செய்யும் நகல் மருந்து, வந்த பிறகு விலை இறங்கியது. ஆறு மாதம் போட்டாலே ஏறக்குறைய அதே பலன் என்று 4,088 பெண்களை வைத்து நடத்திய பர்செபோன் ஆய்வு 2019இல் சொன்னது: நாலு வருடத்தில் நோய் திரும்பாமல் இருந்தவர்கள் 89.4க்கு எதிராக 89.8 சதவீதம். வழக்கம் இன்றும் ஒரு வருடம்தான். ஆனால் ஊரடங்கில் பாதியில் நின்றுபோன பெண்கள் எல்லாம் போச்சு என்று தலையில் கைவைத்துக்கொள்ள வேண்டியதில்லை என்பதற்கு அந்த எண் போதும்.

மார்பை எடுப்பதா, கட்டியை மட்டுமா

தொற்றுக்காலத்தில் அதிகம் அவசரப்பட்டு முடிவெடுக்கப்பட்டது இதில்தான் என்பது என் எண்ணம்.

கட்டியை மட்டும் எடுத்துக் கதிர்வீச்சு கொடுப்பதும், மார்பை முழுக்க எடுப்பதும் உயிர் பிழைப்பதில் சமம். அமெரிக்காவில் 1,851 பெண்களையும் மிலான் நகரில் 701 பெண்களையும் இருபது வருடம் பின்தொடர்ந்த இரண்டு ஆய்வுகள் 2002இல் இதை முடித்துவைத்தன. மார்பை வைத்துக்கொண்டவர்களுக்கு அதே மார்பில் மறுபடி வரும் வாய்ப்பு கொஞ்சம் கூடுதல். சாவில் வித்தியாசம் இல்லை. சாதாரண நாளில் கேட்டால் டாக்டரே இதைச் சொல்வார்.

ஊரடங்கில் தராசு ஒரு பக்கம் சாய்ந்தது. கட்டியை மட்டும் எடுத்தால் அதற்கப்புறம் வாரத்தில் ஐந்து நாள், மூன்று வாரமோ ஐந்து வாரமோ கரண்டு வைக்கப் போக வேண்டும். எண்ணூரிலிருந்தோ திருவொற்றியூரிலிருந்தோ பஸ்ஸும் ரயிலும் இல்லாமல் அது நடக்கிற காரியமா? ஆட்டோவுக்குக் கொடுத்தே வீடு காலியாகும். "எடுத்துட்டா தொல்லை விட்டுது" என்று வீட்டு ஆண்கள் சொல்ல, பெண்கள் தலையாட்டினார்கள். யார் தலையாட்டினார்கள், யாரைத் தலையாட்ட வைத்தார்கள் என்பது வேறு கதை.

ஆனால் அந்தக் கணக்கில் ஓட்டைகள் உண்டு. மார்பை எடுத்துவிட்டால் கதிர்வீச்சு வேண்டாம் என்பது எல்லோருக்கும் இல்லை. அறுவையில் எடுத்த நெறிகளில் புற்று இருந்தால், அதுவும் நாலைந்தில் இருந்தால், மார்பு போன பிறகும் கதிர்வீச்சு வேண்டியிருக்கும். மார்பும் போய், அலைச்சலும் மிஞ்சும். அதனால் முடிவுக்கு முன்பே அக்குளை அல்ட்ராசவுண்டில் பார்த்து, சந்தேகமான நெறி இருந்தால் ஊசி போட்டுப் பார்த்துவிடச் சொல்லிக் கேளுங்கள். அடுத்தது, மார்பை முழுக்க எடுத்தால் நீர் வடியும் குழாய் வைப்பார்கள். ஒரு வாரம், இரண்டு வாரம்கூட இருக்கும். அதற்கும் டிரஸ்ஸிங்குக்கும் போய் வர வேண்டும். மறுபக்க ஓட்டையையும் சொல்லிவிடுகிறேன்: கட்டியை மட்டும் எடுத்தவர்களில் சிலருக்கு ஓரத்தில் புற்று மிச்சம் என்று ரிப்போர்ட் வந்து இரண்டாவது முறை மேசைக்குப் போக நேரும்.

மார்பை மறுபடி உருவாக்கும் பிளாஸ்டிக் அறுவையைத் தொற்றுக்காலத்தில் பின்னால் தள்ளினார்கள். அது பிறகு செய்யக்கூடியதுதான்.

பதினைந்து நாள், ஐந்து நாள், அல்லது வேண்டவே வேண்டாம்

கதிர்வீச்சு என்றால் ஐந்து வாரம் என்று நினைப்பது பழைய கணக்கு. மூன்று வாரத்தில் 15 முறை, மொத்தம் 40 கிரே (கிரே என்பது கதிர்வீச்சை அளக்கும் அலகு) என்பது கொரோனாவுக்கு முன்பே பல இடங்களில் வழக்கத்துக்கு வந்தது. 2020 ஏப்ரல் கடைசியில், சரியாக ஊர் உலகமே வீட்டுக்குள் கிடந்தபோது, ஃபாஸ்ட் ஃபார்வர்டு என்ற பிரிட்டிஷ் ஆய்வு லான்செட்டில் வெளியானது. 97 மருத்துவமனைகள், 4,096 நோயாளிகள். ஒரே வாரத்தில் ஐந்து முறை, மொத்தம் 26 கிரே. ஐந்து வருடத்தில் அதே மார்பில் நோய் திரும்பியது 15 முறைக் குழுவில் 2.1 சதவீதம், 5 முறைக் குழுவில் 1.4 சதவீதம். அதாவது ஐந்து நாள் வைத்தியம் எந்த வகையிலும் குறைந்ததில்லை.

பெரியம்மாவின் அறுவை அக்டோபரில் நடந்தது, கட்டியை மட்டும்தான் எடுத்தார்கள். "அஞ்சு நாள்ல முடியுமாமே?" என்று நான் கேட்டேன். அந்த மையத்தில் அப்போது அதை ஆரம்பிக்கவில்லை என்றார்கள். கருவியும் திட்டமிடும் முறையும் ஒவ்வோர் இடத்திலும் வேறு. அக்குள் நெறிகளுக்கும் சேர்த்துக் கொடுக்க வேண்டியவர்களுக்கு அந்த ஆய்வின் முடிவை அப்படியே எடுத்துவைக்க முடியாது. இளம் வயதினருக்குக் கட்டி இருந்த இடத்துக்கு மட்டும் பூஸ்ட் என்று சில நாள் சேரும். இருந்தாலும் கேளுங்கள். ஐந்துக்கும் பதினைந்துக்கும் நடுவே எண்ணூர்க்காரிக்குப் பத்து நாள் கூலி இருக்கிறது.

மூன்றாவது வழி, கதிர்வீச்சே வேண்டாம் என்பது. 65 வயதுக்கு மேல், கட்டி மூன்று சென்டிமீட்டருக்குள், நெறியில் பரவவில்லை, ஈ.ஆர். பாசிட்டிவ், ஹார்மோன் மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுவார் என்றால் அதை யோசிக்கலாம் என்றது பிரைம் 2 ஆய்வு. அன்றைக்கு எங்கள் கையில் இருந்தது அதன் ஐந்து வருட முடிவு: கதிர்வீச்சு இல்லாதவர்களில் 4.1 சதவீதம் பேருக்கு மார்பில் திரும்பியது, எடுத்தவர்களில் 1.3. பத்து வருட முடிவு 2023இல் வந்தது: 9.5க்கு எதிராக 0.9. உயிரோடு இருப்பவர்கள் இரண்டு பக்கமும் ஏறக்குறைய 81 சதவீதம். பெரியம்மா எல்லா நிபந்தனைக்கும் பொருந்தினார். டாக்டர் முடிவை அவரிடமே விட்டார். பெரியம்மா கொஞ்சம் யோசித்துவிட்டு, "சர்க்கரை மாத்திரையே வாரத்துல ரெண்டு நாள் மறந்துடறேன் கண்ணு, இத அஞ்சு வருஷம் ஒழுங்கா போடுவேன்னு எனக்கே நம்பிக்கை இல்ல. கரண்டு வச்சிடட்டும்" என்றார். இதைவிடத் தெளிவாக ஒருவர் யோசிக்க முடியாது. செப்டம்பர் முதல் தேதியிலிருந்து பஸ் ஓட ஆரம்பித்திருந்ததும் அந்த முடிவுக்குத் துணை.

ஜூன் மாதத்தில் அதே முடிவு எடுத்திருக்க வேண்டியிருந்தால் நான் கதிர்வீச்சு வேண்டாம் என்றே சொல்லியிருப்பேன்.

எந்த ஆஸ்பத்திரி

வடசென்னைக்கு ஸ்டான்லி அரசு மருத்துவமனை இருக்கிறது. ஆனால் 2020இல் ஸ்டான்லியும் ஜி.ஹெச்.சும் கீழ்ப்பாக்கமும் பெரும் பகுதியைக் கொரோனாவுக்குக் கொடுத்துவிட்டு நின்றன. ஓமந்தூரார் மருத்துவமனை கொரோனா மருத்துவமனையாகவே மாறியது. 2021 மே மாதம் ஜி.ஹெச். வாசலில் ஆம்புலன்ஸ்கள் வரிசைகட்டி நின்றதை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். பக்கத்தில் இருப்பது என்பது அந்த நேரத்தில் தகுதியாகவும் இருந்தது, ஆபத்தாகவும் இருந்தது. புற்றுநோய்க்கு மட்டுமேயான இடம் என்றால் அடையாறு கேன்சர் இன்ஸ்டிடியூட். 1954இல் முத்துலட்சுமி ரெட்டி தொடங்கியது. நோயாளிகள் கலப்பது அங்கே குறைவு, ஆனால் நமக்கு ஊரின் மறுகோடி. ராயப்பேட்டை அரசு மருத்துவமனையிலும் புற்றுநோய்ப் பிரிவு உண்டு. தனியாரில் சேருவதானால் முதலமைச்சர் காப்பீட்டு அட்டை செல்லுமா என்று முதலிலேயே கேட்டுவிட வேண்டும். அட்டைக்கு ராஜாஜி சாலையில் கலெக்டர் ஆபீஸ் இருக்கும் சிங்காரவேலர் மாளிகைக்குத்தான் போக வேண்டியிருந்தது. அன்றைக்கு வருமான வரம்பு வருடம் 72,000 ரூபாய், 2022இல் அது 1,20,000 ஆனது.

என் கணக்கு இது. அறுவையும் முதல் திட்டமும் புற்றுநோய்க் குழு ஒன்றாக உட்கார்ந்து முடிவெடுக்கும் பெரிய இடத்தில். ரத்தப் பரிசோதனை, டிரஸ்ஸிங், மாத்திரை, ஊசி எல்லாம் வீட்டுக்குப் பக்கத்தில். இரண்டு இடத்துக்கும் ஒரே ஃபைல். எல்லாவற்றையும் ஒரே இடத்தில் செய்தால்தான் வைத்தியம் என்று பிடிவாதம் பிடித்தவர்கள்தான் பாதியில் விட்டார்கள். நாட்டில் 41 புற்றுநோய் மையங்களில் 2020 மார்ச் முதல் மே வரை எடுத்த கணக்கில், முந்தைய வருடத்தைவிடப் புதிய நோயாளிகள் பதிவு 54 சதவீதமும் பெரிய அறுவைகள் 49 சதவீதமும் குறைந்தன. கதிர்வீச்சுக்கு வந்தவர்கள் 23 சதவீதம்தான் குறைந்தார்கள். வைத்தியத்துக்குள் வந்துவிட்டவர்கள் எப்படியோ சமாளித்தார்கள். வாசலுக்கே வராதவர்கள்தான் அதிகம். ஊரடங்கு என்று கட்டியைக் காட்டாமலே வீட்டில் இருப்பதை இந்த ஒப்பீட்டில் ஒரு தெரிவாகவே நான் சேர்க்கவில்லை.

தடுப்பூசி வந்தபோது புதுப் பிரச்சினை ஒன்று முளைத்தது. ஊசி போட்ட கைப்பக்கம் அக்குளில் நெறி கட்டும். அது சில வாரத்தில் தானாக வடியும், ஆனால் அந்த நேரத்தில் ஸ்கேன் எடுத்தால் புற்று பரவிவிட்டதோ என்று எல்லோரும் ஒருமுறை ஆடிப்போவார்கள். அதனால் கட்டி இருந்த பக்கத்துக்கு எதிர்க் கையில் போடச் சொன்னார்கள். பெரியம்மாவுக்கு இடது பக்கம். முகாமில் நர்ஸம்மா வழக்கம்போல இடது ஜாக்கெட் கையைத்தான் மேலே தூக்கினார். ஆபரேஷன் நடந்த பக்கம் என்று சொன்னதும் வலது கையில் போட்டுவிட்டார். வரிசையில் நிற்கும்போது அவர்களாகக் கேட்க மாட்டார்கள், நாம்தான் முந்திச் சொல்ல வேண்டும்.